முறைப்பாடு: எரிகிறது

நகரசபையின் தெருவிளக்குப் பதிவேட்டில்
ஆறு நிரல்கள்.
திகதி, பெயர், வீதி, கம்ப இலக்கம்,
ஏன் எரியவில்லை, எப்போது திருத்தினோம்.
பதினேழு வருடமாக நான்தான் எழுதுகிறேன்.
கடைசி நிரல் பெரும்பாலும் வெறுமை.

சென்ற செவ்வாய் ஒருவர் வந்தார்.
கஸ்பார், டச்சுக்குடா, கம்பம் நாற்பத்தொன்று.
"எரியவில்லையா?" என்றேன், தலை நிமிராமல்.
"எரியுது பிள்ளை. அதுதான் முறைப்பாடு."

முட்டை உடைத்து வரும் ஆமைக் குஞ்சுகள்
கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல்
றோட்டுக்கு நடக்கின்றனவாம்.
விடியப்புறம் ஓட்டோச் சில்லடியில் கிடந்ததைச்
சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்,
சாட்சிக்கு.
மேசையில் வைக்க வேண்டாம் என்றேன்.

அலுமாரியின் அடித்தட்டில்,
கறையான் தின்ற மீதியில்,
விளக்கேற்றி ஒருவனின் கணக்கு இருக்கிறது.
பெயர் காத்தமுத்து. ஏணி ஒன்று, திரி ஒரு கட்டு.
நிலவுள்ள இரவுகளில் விளக்கில்லை,
அதனால் கூலியுமில்லை.
தேங்காயெண்ணெய் குறைகிறதே என்று பார்த்து
துரை ஒருவர் ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
இவன் வீட்டில் பொரியல் மணக்கிறது.
அடுத்த மாதமே மண்ணெண்ணெய்.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம்.
கண்ணாடிகளுக்கு நீல மை பூசிய செலவு
நாற்பத்தெட்டு ரூபாய்.
பூசாமல் விட்ட ஒன்றுக்கு
ஐந்து ரூபாய் தண்டம்.

அதற்கப்புறம் வந்த இருட்டுக்குக் கோப்பு இல்லை.
அது என்னிடம்தான் இருக்கிறது.
எங்கள் பக்கத்தில் எரிந்த ஒரே விளக்கு
சோதனைச் சாவடியில்,
முகத்தை எங்களுக்குத் திருப்பி.
வெளிச்சத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று
ஒருநாளும் தெரிந்ததில்லை.
ரியூசன் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்து,
மற்றக் கையை உயர்த்தி,
கண் கூச நான் நடந்த முப்பது அடி.
மிச்சக் குமிழ்களைக் கல்லெறிந்து உடைத்தவர்கள்
காவாலிகள் இல்லை. ஒழுங்கைப் பெடியள்,
வீடு வந்து சேர விரும்பியவர்கள்.
இன்றைக்கும் வெளிச்ச வட்டத்தில் கால் படுமுன்
கை அடையாள அட்டையைத் தேடும்.

இப்போது எல்.ஈ.டி. ஊசி குத்துகிற வெள்ளை.
கோட்டை வாசலில் மான்கள்
நடு றோட்டில் அப்படியே நின்றுவிடுகின்றன,
கையுயர்த்தத் தெரியாமல்.

தம்பலகாமத்திலிருந்தும் ஒரு கடிதம்:
கம்பத்தைச் சுற்றி வட்டமாக
நெல் கதிர் தள்ளவில்லை,
இரவு வந்ததே அதற்குத் தெரியவில்லை.
எங்கள் எல்லை அல்ல. உரிய சபைக்கு அனுப்பினேன்.
வட்டத்தின் அளவை மட்டும் குறித்துக்கொண்டேன்,
பன்னிரண்டு அடி.

அடிமட்டத்தால் ஏழாவது நிரல் கீறினேன்.
தலைப்பு: ஏன் எரிகிறது.

மை காயுமுன் ஜமீலத்து வந்தாள்.
ஆஸ்பத்திரித் துப்புரவுப் பிரிவு, இரவு முறை.
பள்ளிவாசல் பின் ஒழுங்கையில்
கம்பம் உண்டு, குமிழ் இல்லை.
"பின்னால யாரோ வாறாங்க.
திரும்பிப் பாத்தா ஒண்டும் தெரியுதில்ல."
ஒன்பதாவது தடவை.
எட்டும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன.

நாற்பத்தொன்றைக் கழற்றி
ஒழுங்கையில் பூட்டுமாறு சிபாரிசு எழுதினேன்.
"எரியிற லைட்டைக் கழற்றினால்
சனம் என்ன சொல்லும்?" என்றார் செயலாளர்.
அதோடு ஏணி வாகனம் கராஜில்.

சனி இரவு டச்சுக்குடாவுக்குப் போனேன்.
கஸ்பார் ஒரு சாக்கைத் தடியில் மாட்டி
விளக்குக்கு எறிந்துகொண்டிருந்தார்.
எட்டவில்லை. வாடியிலிருந்து ஏணி எடுத்துவந்தார்.
"பிடி பிள்ளை."
நான் அரச ஊழியர்.
பிடித்தேன்.

சாக்கு விழுந்ததும் முதலில் கேட்டது அலை.
அது அதுவரை எங்கே இருந்தது தெரியாது.

திங்கள் காலை எழுதினேன்:
கம்பம் நாற்பத்தொன்று. எரியவில்லை.
ஏன் என்ற இடத்தில் ஒரு கோடு.

பத்து மணிக்கு ஜமீலத்து வருவாள்.
அவளுக்கு என்ன எழுதுவது என்று
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.